அந்த 30 விநாடி

பழைய சர்வர் பூட் ஆகும்போது எச்சரிக்கை வரிகள் ஓடும். நடுவே திரை அரை நிமிடம் அப்படியே நின்றுவிடும். ஏன் அரை நிமிடம்? லினக்ஸ் கெர்னல் ஹார்ட் டிஸ்க்குக்கு ஓர் உத்தரவு அனுப்பினால், வழக்கமாக 30 விநாடி காத்திருக்கும். பதில் வராவிட்டால் இணைப்பை ரீசெட் செய்யப் பார்க்கும்.

டிஸ்க் அதுவரை சும்மா இருப்பதில்லை. கெட்டுப்போன செக்டாரைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறது. மேசைக் கணினிக்கான டிஸ்க்குகள் சில இப்படி ஒரு நிமிடத்துக்கு மேலும் மல்லுக்கட்டும். பல டிஸ்க்குகளை ஒரே தொகுப்பாக்கும் ரெய்டுக்கென்றே செய்தவை பெரும்பாலும் 7 விநாடியில் கைவிட்டு, 'படிக்க முடியவில்லை' என்று சொல்லிவிடும். பிரதி வேறு டிஸ்க்கில் இருக்கும்போது அதுதான் புத்திசாலித்தனம். விலை குறைவென்று முதல் வகையை ரெய்டில் போட்டால், ஒரே ஒரு கெட்ட செக்டாருக்காக முழு டிஸ்க்கும் தொகுப்பிலிருந்து தள்ளப்படலாம்.

குற்றவாளி டிஸ்க்தானா? டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கையில் 197ஆம் எண், அதாவது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டார்களின் கணக்கு, ஏறினால் சந்தேகமே வேண்டாம். தரவுப் பரிமாற்றப் பிழைகளை எண்ணும் 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள். புதுக் கேபிள் போட்டாலும் அந்த எண் குறையாது. மேலே ஏறாமல் நின்றாலே போதும். எதைத் தொடும் முன்பும் பேக்கப் எடுத்துவிடுங்கள்.