ஊர் திரும்பியவர்கள் - 11: பாலாற்றங்கரையில் ஓர் ஆதுலர் சாலை

ஆதார், வங்கிக் கணக்கு, ஓசிஐ அட்டை எல்லாம் போன வாரத்தோடு முடிந்தது. தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் சிங்கப்பூர்க்காரர்களின் மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் கணக்கு என்று சொல்லியிருந்தேன். அதற்குள் திருமுக்கூடல் கல்வெட்டு குறுக்கே வந்துவிட்டது. அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

உத்திரமேரூர் என்றதும் எல்லோரும் குடவோலையைத்தான் சொல்வார்கள். வடக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கலக்கும் இடத்தில், பழைய சீவரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிற திருமுக்கூடலை எத்தனை பேர் சொல்கிறோம்? அங்கே அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. காலம் கி.பி. 1069-ஐ ஒட்டி. கோயிலோடு சேர்ந்து ஒரு கல்விச்சாலை, மாணவர்களுக்கு விடுதி, பக்கத்திலேயே வீரசோழன் என்ற பெயரில் ஓர் ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை. 15 நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெற இடம். படுத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி.

வைத்தியருக்கு நித்தம் மூன்று குறுணி நெல். வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 90 கலம். அதற்கு மேல் காசாக 8. அறுவை செய்ய ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து காய்ச்ச இருவர், நோயாளிகளைக் கவனிக்க இரண்டு பெண்கள், ஒரு நாவிதர், தண்ணீர் கொண்டுவர ஓர் ஆள் என எல்லோருக்கும் கூலி எழுதியிருக்கிறது. வருஷம் முழுவதும் இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு: வாசா ஹரீதகி, தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம், மண்டூர வடகம், கல்யாண லவணம் என ஏறத்தாழ 20. ராத்திரி எரிய ஒரு விளக்கு, அதற்கு எண்ணெய். நோயாளி இருட்டில் கிடக்கக் கூடாது என்பதைக்கூட நினைத்து எழுதியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஊருக்கு ஒரு பாடநூல் பக்கமாவது ஒதுக்க வேண்டாமா?

இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது இன்னொன்று. இந்த மருத்துவம் யாருக்கு என்று கல்வெட்டு வரையறுக்கிறது. அங்கே கற்பிப்பவர்கள், தங்கிப் படிக்கும் மாணவர்கள், கோயிலில் பணி செய்பவர்கள். செலவு கோயில் நிலத்து வருமானத்திலிருந்து. உரிமை அந்த இடத்தோடு சேர்ந்தது. ஏறக்குறைய 950 ஆண்டு கழிந்தும் உலகத்தின் பெரிய அரசு மருத்துவத் திட்டங்கள் பல இதே வழியில்தான் நடக்கின்றன. பிரிட்டனின் என்.ஹெச்.எஸ். இலவச மருத்துவமனைச் சிகிச்சை, பெரும்பாலும் அங்கே நிலையாக வசிக்கிறவருக்குத்தான். முப்பது வருஷம் வரி கட்டியிருந்தாலும், வந்தவாசி சாலையில் வீடு கட்டிக் குடியேறிய நாளிலிருந்து அந்த உரிமை இல்லை.

உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். அமெரிக்காவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, அப்பா விட்டுப்போன வீட்டுக்கு வந்துவிட்டார். பீரோவைத் திறந்து ஒரு காகித அட்டையை எடுத்துக் கொடுத்தார். நீலமும் சிவப்பும் போட்ட மெடிகேர் அட்டை, அமெரிக்க அரசு முதியவர்களுக்குக் கொடுக்கும் மருத்துவக் காப்பீடு. அதில் இரண்டே வரிதான் முக்கியம்: மருத்துவமனை என்று பகுதி ஏ, மருத்துவம் என்று பகுதி பி.

"மாசாமாசம் பணம் போகுது தம்பி. இதைக் காட்டி காஞ்சிபுரத்துல ஒரு ஊசி போட்டுக்க முடியுமா?"

"முடியாதுங்க ஐயா."

"பொண்ணு விடாதீங்கப்பாங்குறா. விட்டா அபராதமாமே?"

1965 ஜூலை 30 அன்று ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட மெடிகேர் சட்டமே, அமெரிக்காவுக்கு வெளியே நடக்கும் சிகிச்சைக்குப் பணம் இல்லை என்கிறது. விதிவிலக்குகள் சொற்பம். கப்பலில் போகும்போது நோய் வந்தால், அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து 6 மணி நேரத்துக்குள் இருக்கிற கப்பலாக இருக்க வேண்டும்! உத்திரமேரூர் எந்தக் கணக்கிலும் வராது.

பத்து ஆண்டு வேலை பார்த்து வரி கட்டியவருக்குப் பகுதி ஏ இலவசம். அது கையை விட்டுப் போகாது. பகுதி பி-க்குத்தான் சந்தா. 2025-இல் மாதம் 185 டாலர், நம் பணத்தில் ஏறக்குறைய 16,000 ரூபாய். நிறுத்திவிட்டுப் பிறகு சேர்ந்தால், விட்ட ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் 10 சதவீதம் கூடுதல், ஆயுள் முழுக்க.

இந்த அபராதத்தை நினைத்துத்தான் பலரும் பயந்து கட்டுகிறார்கள். உட்கார்ந்து கணக்குப் போடுவோம். ஐந்து வருஷம் நிறுத்தினால் மிச்சம் 11,100 டாலர். திரும்பப் போய்ச் சேர்ந்தால் மாதம் 92.50 டாலர் கூடுதல். மிச்சப்பட்டது கரைய 120 மாதம், அதாவது பத்து வருஷம். மூன்று வருஷம் நிறுத்தினாலும் எட்டு வருஷம் நிறுத்தினாலும், சந்தா மாறாத வரை அதே பத்து வருஷம்தான் வருகிறது. எழுபத்தைந்து வயதில் திரும்பிப் போகிறவருக்கு அபராதம் பெரிய இடி இல்லை.

இடி வேறு இடத்தில் இருக்கிறது. நிறுத்தியவர் நினைத்த மாதத்தில் மறுபடி சேர முடியாது. ஜனவரி முதல் மார்ச் 31 வரைதான் கதவு திறக்கும். ஏப்ரலில் செங்கல்பட்டில் ஸ்கேன் எடுத்துப் புற்று என்று தெரிந்து விமானம் ஏறினால், அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். பகுதி ஏ மருத்துவமனையில் படுத்தால் கொடுக்கும். மருத்துவர் கட்டணம், படுக்காமல் எடுக்கிற கீமோ, ஸ்கேன் எல்லாம் பகுதி பி. அந்த எட்டொன்பது மாதம்தான் குடும்பத்தையே கவிழ்க்கும்.

ஆகவே நான் பெரியவரிடம் சொன்னது இதுதான். பெரிய நோய் வந்தால் மகளிடம் போய்விடுவேன் என்று மனதில் இருந்தால், சந்தாவை விடாதீர்கள். என்ன வந்தாலும் இந்த மண்ணில்தான் என்று முடிவு செய்திருந்தால், அந்தப் பணம் இங்கே உங்களுக்கு வேலை செய்யட்டும். நம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப அட்டையும் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் வருமானமும் வேண்டும். டாலர் ஓய்வூதியக்காரருக்கு அது பொருந்தாது. தனியார் பாலிசிதான் வழி. 2024 ஏப்ரல் முதல் 65 வயது உச்சவரம்பு இல்லை. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருக்கும் காலமும் 48 மாதத்திலிருந்து அதிகபட்சம் 36 மாதமாகக் குறைந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்லை. அந்த 36 மாதம் பாலிசி எடுத்த நாளிலிருந்துதான் ஓடும். வந்ததும் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், கிணறு தூர் வாருகிறோம். பாலிசியை மூன்றாவது வருஷம் நினைத்துக்கொள்கிறோம். அதற்குள் சர்க்கரை சிறுநீரகம் வரை போயிருக்கும்.

சிங்கப்பூருக்கு இந்த வாரம் இடம் இல்லை. ஒன்றை மட்டும் சொல்லி வைக்கிறேன். அந்நாட்டு அரசின் மருத்துவக் காப்பீடான மெடிஷீல்டு லைஃப், குடிமகன் எங்கே வாழ்ந்தாலும் தொடரும், சந்தாவும் தொடரும். சிகிச்சை மட்டும் சிங்கப்பூரில்தான். குடியுரிமையை விட்டு மெடிசேவ் பணத்தை எடுத்துவரலாமா என்பதை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம். அதற்குள் யாரும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம்.

இங்கே பாலிசி விண்ணப்பம் நிரப்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஸ்டென்ட் எதையும் மறைக்காதீர்கள். ஏஜென்ட் "வேண்டாம் சார்" என்றாலும் உங்கள் கையாலேயே எழுதுங்கள். ஐந்து ஆண்டு தொடர்ந்து கட்டிய பாலிசியில் நிறுவனம் பழைய நோயைக் காட்டிக் கோரிக்கையை மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால் மட்டும் முடியும்.