'பிரமி' என்பது எந்தச் செடி? பதில் சொல்லப் பழக்கும் ஹெர்பேரியம்

மருந்துக் கடையில் 'பிரமி' கேட்கிறீர்கள். கைக்கு வருவது எந்தச் செடி? வட இந்தியாவில் பல இடங்களில் வல்லாரையையும் பிரமின்னுதான் சொல்றாங்க. ஆனால் இந்திய ஆயுர்வேத மருந்துத் தரநூலில் பிரமி என்றால் நீர்ப்பிரமி. வல்லாரைக்கு 'மண்டூகபர்ணி' என்று தனிப்பெயர். இரண்டும் வெவ்வேறு தாவரக் குடும்பங்கள். பெயரை நம்பி வாங்கினால் மருந்தே மாறிவிடலாம்.

இப்படிப்பட்ட குழப்பத்தைத் தீர்க்க மாணவர்கள் பழகும் இடம்தான் பல்கலைக்கழக ஹெர்பேரியம்.

ஹெர்பேரியம் என்றால் என்ன?

அழுத்தி உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் இடம். ஒவ்வொரு தாளிலும் அறிவியல் பெயர், சேகரித்த இடம், தேதி, சேகரித்தவர் பெயர், எண் இருக்கும். ஹவுராவில் உள்ள மத்திய தேசிய ஹெர்பேரியத்தில் மட்டும் சுமார் 20 லட்சம் மாதிரிகள் உள்ளன. டெல்லி, கோழிக்கோடு பல்கலைக்கழகங்களிலும் ஹெர்பேரியங்கள் இருக்கின்றன.

எப்படிக் கற்றுத்தருகிறார்கள்?

பெயர் சொல்லாமல் ஒரு செடியைக் கையில் கொடுப்பார்கள். இலை எதிரெதிரா, மாறி மாறியா? காம்பு இருக்கா, இல்லையா? இப்படி இரண்டிரண்டு வாய்ப்புகளாகக் கேள்விகள் போகும். நீர்ப்பிரமிக்குக் காம்பில்லாத, சதைப்பற்றான சிறு இலைகள். வல்லாரைக்கு நீண்ட காம்பில் சிறுநீரக வடிவ இலை.

கடைசியில் வரும் பெயரை அப்படியே ஏற்க மாட்டார்கள். அந்தப் பெயரில் உள்ள தாள்களை எடுத்து ஒப்பிடணும். ஒரே செடி பல ஊர்களில் எப்படி மாறுகிறது என்பது அங்கேதான் தெரியும். இலையின் அளவு மாறும். பூவின் அமைப்பு பெரும்பாலும் மாறாது. எந்த அடையாளத்தை நம்பலாம் என்பதுதான் உண்மையான பாடம்.

செயலி போதாதா?

செல்போன் செயலி படத்தைப் பார்த்துப் பெயரை ஊகிக்கும், தொடக்கத்துக்கு உதவும். ஆனால் படத்தில் விழாத பூவின் உட்பகுதியை அதனால் பார்க்க முடியாது. உலர்ந்த பூவை வெந்நீரில் ஊறவைத்தால் பல ஆண்டுகள் கழித்தும் பிரித்துப் பார்க்கலாம்.

உலர்ந்த செடிக்கும் குறை உண்டு: நிறமும் மணமும் போயிடும். அதனால்தான் பறிக்கும்போதே அவற்றைக் குறித்துவைக்கக் கற்றுத்தருகிறார்கள்.

மூலிகை ஆய்வு பற்றிய செய்தியை அடுத்த முறை படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஆய்வில் பயன்படுத்திய செடியின் மாதிரி எந்த ஹெர்பேரியத்தில், எந்த எண்ணில் இருக்கிறது? அது இருந்தால் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். இல்லாவிட்டால், பெயரை மட்டும் நம்ப வேண்டியதுதான்.