கலங்கிய பீரின் மணமும் சுவையும்

‘ஹேஸி லிட்டில் திங்’ என்ற பீரை அமெரிக்காவின் சியரா நெவாடா நிறுவனம் 2018இன் தொடக்கத்தில் நாடு முழுவதும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதைக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றிவைத்தால் மறுபக்கம் இருப்பது தெரியாது. இளமஞ்சள் நிறத்தில், பழச்சாறு போல ஒரே சீரான கலங்கல். பெயரில் உள்ள ‘ஹேஸி’ குறிப்பதும் இந்த மங்கலைத்தான். அமெரிக்கப் பல்பொருள் அங்காடிகளில் இன்று எளிதாகக் கிடைக்கும் கிராஃப்ட் பீர்களில் இதுவும் ஒன்று. இந்தக் கலங்கிய ‘ஹேஸி’ வகையை முதன்முறை சுவைத்துப் பார்ப்பவருக்கு நல்ல தொடக்கமும் கூட.

பீர் என்றால் தெளிவாக இருக்க வேண்டும் என்பது நெடுங்காலம் ஊறிப்போன எண்ணம். 1842இல் பொஹீமியாவின் பில்சன் நகரில் பொன்னிற லாகர் பிறந்தது. அது உலகெங்கும் பரவியதும் பளிங்கு போன்ற தெளிவே தரத்தின் அடையாளமாயிற்று. ஜெர்மனியின் கோதுமை பீரும் பெல்ஜியத்தின் வெள்ளை பீரும் எப்போதும் கலங்கலாகவே இருந்தவை என்றாலும், மற்ற வகைகளில் கலங்கல் ஒரு குறையாகவே பார்க்கப்பட்டது.

அந்த எண்ணத்தை மாற்றியது அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள வெர்மாண்ட் மாநிலம். அங்கே வாட்டர்பரி என்ற சிற்றூரில் ஜான் கிம்மிச் 2003இல் ‘தி ஆல்கெமிஸ்ட்’ என்ற மதுவிடுதியைத் தொடங்கினார். அவருடைய ‘ஹெடி டாப்பர்’ வடிகட்டாத பீர். 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வெள்ளம் விடுதியை அழித்தது. அதே ஊரில் அப்போதுதான் தயாராகியிருந்த, பீரைக் கேனில் அடைக்கும் ஆலை தப்பியது. ‘ஹெடி டாப்பர்’ கேனில் வரத் தொடங்கி, அதை வாங்கவே வெளியூர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மணம் சீக்கிரம் போய்விடும் என்பதால் இத்தகைய பீர்களைப் பெரும்பாலும் ஆலை வாசலிலேயே வாங்க வேண்டியிருந்தது. வாசலில் விற்ற இந்த வகையைத் தொலைதூரக் கடைகளுக்கும் அனுப்ப முடிந்ததே ‘ஹேஸி லிட்டில் திங்’கின் சாதனை. அதைச் செய்த நிறுவனம், 1980இல் கென் கிராஸ்மன் தலைமையில் புறப்பட்டு, கசப்பு மிகுந்த ‘பேல் ஏல்’ பீரால் பெயர்பெற்ற நிறுவனம் என்பது கவனிக்கத்தக்கது. இந்தப் புதிய வகைக்கு அமெரிக்க பீர் தயாரிப்பாளர் சங்கம் தன் வகைப்பட்டியலில் இடம் கொடுத்ததும் 2018இல்தான்.

கலங்கலுக்கு ஈஸ்ட்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் பங்கு சிறிது. பார்லி மால்ட்டுடன் ஓட்ஸும் கோதுமையும் சேர்வதால் பீரில் புரதம் கூடுகிறது. அதனுடன் ஹாப்ஸ் பூக்களிலிருந்து வரும் பாலிஃபீனால்கள் பிணைந்து, அடியில் படியாத நுண்துகள்களாக மிதக்கின்றன. வடிகட்டினால் அவை போகும். கூடவே மணமும் மென்மையும் குறையும். ஈஸ்ட் அளவுக்கு மீறி இருந்தால் நாக்கு காட்டிக்கொடுக்கும்: பச்சை மாவின் சுவையும் ஒரு காரலும் முந்தி நிற்கும்.

மாம்பழம், கொய்யா, ஆரஞ்சுத் தோல் என்று இந்த பீரில் உணரப்படும் மணங்கள் எல்லாம் ஹாப்ஸ் தருபவை; பழம் எதுவும் சேர்க்கப்படுவதில்லை. ஹாப்ஸை நெடுநேரம் கொதிக்கவிட்டால் அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் உருமாறிக் கசப்பைத் தரும். மண எண்ணெய்கள் ஆவியாகிவிடும். கொதி அடங்கிய பின்னும், நொதித்தல் நடக்கும்போதும் சேர்த்தால் கசப்பு அதிகம் ஏறாது, மணம் தங்கும். ஹேஸி வகையின் அடிப்படை இதுதான். ‘ஹேஸி லிட்டில் திங்’கில் சிட்ரா, மொசைக், சிம்கோ, எல் டொராடோ முதலிய ஹாப்ஸ் வகைகள் சேர்கின்றன. ஹாப்ஸ் எண்ணெயில் மிகுந்திருக்கும் மிர்சீன் மாம்பழத்திலும் உண்டு. ஆகவே மாம்பழ வாசம் வருகிறது என்று சொல்வது வெறும் கற்பனை அல்ல.

சுவைப்பதற்கு முன் பார்க்க வேண்டியது கேனில் அச்சிட்ட தேதி. அடைத்து ஒரு மாதத்துக்குள் இருந்தால் நல்லது. மூன்று மாதம் தாண்டியதை வாங்காமல் இருப்பதே மேல். குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் பத்து நிமிடம் வெளியே வைத்தால் ஏறக்குறைய 7 முதல் 10 டிகிரி செல்சியஸுக்கு வரும். அதற்கும் குளிர்ந்திருந்தால் மணம் எழாது. ‘ஹெடி டாப்பர்’ கேனிலேயே ‘கேனிலிருந்து குடியுங்கள்’ என்று அச்சிட்டிருக்கும்; ஆனால் சுவையை ஆராய வேண்டுமென்றால் வாய் சற்றுக் குறுகிய கண்ணாடிக் கோப்பையே ஏற்றது. சோப்பும் எண்ணெய்ப்பசையும் ஒட்டியிருந்தால் நுரை நிற்காது.

ஊற்றியவுடன், நுரை அடங்கும் முன்பே முகர வேண்டும். சிறு சிறு மூச்சாக இரண்டு மூன்று முறை போதும். நீள இழுத்தால் மூக்கு சலித்துவிடும். ‘ஹேஸி லிட்டில் திங்’கின் முதல் மிடறில் ஓட்ஸ் தரும் வழவழப்பும் மால்ட்டின் இலேசான இனிப்பும் தெரியும். விழுங்கிய பின் மூக்கு வழியே மூச்சை விட்டால் பழ மணம் மறுபடி எழும். பீரின் சுவையில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. கடைசியில் ஆரஞ்சுத் தோலைக் கடித்தது போன்ற கசப்பு வந்து நிற்கிறது. வெர்மாண்ட் பாணியின் பழச்சாறு மென்மைக்குப் பழகியவர்கள் இந்தக் கசப்பைக் குறையாகச் சொல்வதுண்டு. உண்மையில் இதுவே இந்த பீரின் பலம்; இது இல்லாவிட்டால் அரைக் கோப்பைக்குள் இனிப்பு திகட்டிவிடும்.

இந்த வகைக்கு முதல் எதிரி ஆக்ஸிஜன். பழைய கேனில் நிறம் பழுப்பேறியிருக்கும், பழ வாசம் மங்கி நனைந்த அட்டையின் வாசம் வரும். வெயில்படும் அலமாரியிலோ காரின் டிக்கியிலோ கிடந்தால் கெடுவது இன்னும் வேகம். இது பாதுகாத்து வைக்கும் மது அல்ல. வாங்கியதும் குளிரில் வைத்து, விரைவில் திறக்க வேண்டியது.

பழச்சாறு போலத் தோன்றுவதால் இதன் வீரியத்தைக் குறைவாக மதிப்பிடுவது எளிது. ‘ஹேஸி லிட்டில் திங்’கில் ஆல்கஹால் 6.7 சதவீதம். 355 மில்லி கேன் ஒன்றில் ஏறக்குறைய 19 கிராம் தூய ஆல்கஹால் உண்டு. அமெரிக்காவில் ஒரு ‘டிரிங்க்’ என்று கணக்கிடப்படுவது 14 கிராம். சுவைத்துப் பார்க்க ஒருவருக்கு 100 மில்லி போதும். ஒரு கேனை மூவர் பகிர்ந்துகொள்ளலாம்.