பழைய கணினிக்குப் புதுப் பிராசஸர்: வாங்குவோரின் உரிமைகளும் இடர்களும்

பத்தாண்டுகளுக்கு மேலாக வீட்டு மேசையிலும் டிடிபி கடையிலும் உழைத்த கணினியைக் கழித்துக்கட்டாமல், அதன் பிராசஸரை மட்டும் மாற்றி, வாலரன்ட், ஜிடிஏ 5 போன்ற விளையாட்டுகளைத் தடங்கலின்றி ஆட முடியுமா என்ற கேள்வி, குறைந்த செலவில் விளையாட விரும்பும் எவருக்கும் எழக்கூடியதே. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ராம் எனப்படும் தற்காலிக நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியபின், மதர்போர்டு, ராம், பிராசஸர் மூன்றையும் ஒருசேர மாற்றுவது பல குடும்பங்களின் கைக்கு எட்டாததாகி, இந்தச் சிக்கன வழியின் கவர்ச்சி கூடியுள்ளது. மதுரை மாவட்டம் டி. கல்லுப்பட்டியில் இருப்பவர் இதற்காகத் திருமங்கலம், மதுரை, ராஜபாளையம் கடைகளையோ, இணைய விற்பனைத் தளங்களையோ, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து கூரியரில் அனுப்பும் வணிகர்களையோ நாட வேண்டியிருப்பதால், பொருள் பொருந்தவில்லை என்றால் மறுநாளே கடை ஏறி நின்று கேட்பது எளிதன்று. ஆகவே பொருத்தம் பற்றிய தொழில்நுட்ப அறிவும், ஏமாற்றப்பட்டால் எங்கே முறையிடுவது என்ற சட்ட அறிவும் பணம் கைமாறுவதற்கு முன்பே தேவைப்படுகின்றன.

முதலில் தெளிவாக வேண்டியது, குறை உண்மையில் பிராசஸரில்தான் உள்ளதா என்பது. பிராசஸர் என்பது கணினியின் எல்லாக் கணக்கீடுகளையும் நடத்தும் மையச் செயலகம். விளையாட்டின் காட்சிகளை வரைவதோ பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டின் வேலை. விளையாட்டின் திரைத் துல்லியத்தை அமைப்புகளில் குறைத்த பிறகும் ஆட்டத்தின் வேகம் சற்றும் கூடவில்லை என்றால், தடை பிராசஸரில் இருக்க வாய்ப்பு அதிகம். துல்லியத்தைக் குறைத்தவுடன் வேகம் கூடினால், பிராசஸருக்குச் செலவிடும் பணம் பெரும்பாலும் வீண். காசு செலவில்லாத இந்தச் சோதனையை வாங்குபவர் வீட்டிலேயே செய்து பார்த்துவிடலாம்.

அடுத்தது சாக்கெட். பிராசஸர் மதர்போர்டில் அமரும் இடமான இது தலைமுறைக்குத் தலைமுறை மாறுவது. இன்டெல்லின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிராசஸர்கள் எல்ஜிஏ 1155 என்ற சாக்கெட்டைச் சேர்ந்தவை. எனவே எச்61 வகை மதர்போர்டில் ஐ3-2100 வைத்திருப்பவர், நான்கு கோர்களும் எட்டு திரெட்களும் கொண்ட, 2012இல் வெளியான ஐ7-3770க்கு மாறுவது பெரும்பாலும் இயலும். கோர் என்பது தனித்தனியே வேலை செய்யும் கணக்கீட்டு அலகு. திரெட் என்பது ஒரே நேரத்தில் கையாளப்படும் வேலை வரிசை. எல்ஜிஏ 1151இல்தான் பலர் சறுக்குகின்றனர்: ஆறாம், ஏழாம் தலைமுறைக்கான போர்டில் எட்டாம் தலைமுறைப் பிராசஸர் கச்சிதமாக உட்காரும், ஆனால் ஓடாது, பெயரளவில் சாக்கெட் ஒன்றே என்பதைக் காட்டி விற்பவரின் பேச்சில் அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட் இவ்வகையில் தாராளமானது. 2017இல் வந்த முதல் ரைசன் கணினிகளின் போர்டுகள் பலவற்றில் பயாஸ் புதுப்பித்தபின் 2022இன் ரைசன் 5 5600 வரை பொருத்த முடிகிறது. ஆனால் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ரைசன் 3 3200ஜி கொண்டு விளையாடி வந்தவர் 5600ஐப் பொருத்தினால் திரையில் எதுவுமே தெரியாது. 5600இல் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. இன்டெல்லில் பெயரின் இறுதியில் எஃப் எழுத்து கொண்டவையும் அத்தகையவையே.

பயாஸ் என்பது கணினி விழித்தெழும்போது முதலில் இயங்கும், மதர்போர்டிலேயே பதிந்துள்ள மென்பொருள். புதிய பிராசஸரைப் போர்டு அடையாளம் காண வேண்டுமானால், பெரும்பாலான போர்டுகளில் பழைய பிராசஸர் சாக்கெட்டில் இருக்கும்போதே பயாஸ் புதுப்பிக்கப்பட வேண்டும். புதுப்பிக்கும் நடுவில் கரண்ட் போனால் போர்டே செயலிழக்கக்கூடும் என்பதால், யூபிஎஸ் இல்லாமல் அதில் இறங்குவது கூடாது. மடிக்கணினி வைத்திருப்போருக்கு இந்த வழி பெரும்பாலும் மூடியே உள்ளது. 2011இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பெற்றதானாலும், கடையில் வாங்கியதானாலும், அண்மைக் கால மடிக்கணினிகளில் பிராசஸர் போர்டோடு பற்றவைக்கப்பட்டே வருகிறது. அத்தகையவர்களிடம் பிராசஸர் மாற்றித் தருவதாகச் சொல்பவர் எதை மாற்றப் போகிறார் என்பதை எழுதி வாங்குவது நல்லது.

மாற்றினாலும் ஆயுள் எவ்வளவு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்டின் இலவசப் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது; விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது இன்டெல்லில் எட்டாம் தலைமுறையையோ அதற்கு மேற்பட்டதையோ சேர்ந்த பிராசஸரை. ஐ7-3770இல் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பும் இல்லை. அதை எதிர்பார்க்கும் அண்மைய விளையாட்டுகள் சில அதில் திறக்கவே மறுக்கின்றன. எனவே எல்ஜிஏ 1155 கணினிக்குச் செலவிடும் தொகை, போனால் போகட்டும் என்று விடக்கூடிய அளவிலேயே இருக்க வேண்டும். ஏஎம்4 கணினிக்குச் செலவிடுவதே அறிவுள்ள முதலீடு.

சந்தையில் பிராசஸர் மூன்று வகையாகக் கிடைக்கிறது. பெட்டியோடு வருவதற்கு இன்டெல்லும் ஏஎம்டியும் வழக்கமாக மூன்றாண்டு வாரண்டி தருகின்றன. டிரே எனப்படும், பெட்டியின்றி மொத்தமாக வரும் பிராசஸருக்கு விற்பவரின் வாக்குறுதியே வாரண்டி. பழையதற்குக் கிடைப்பது டெஸ்டிங் வாரண்டி எனப்படும் சில நாள் அவகாசம் மட்டுமே. மேல்மூடியில் வேறு மாடலின் எண் பொறிக்கப்பட்ட போலிகளும், நிறுவனங்கள் சோதனைக்காக மட்டும் வழங்கும், விற்பனைக்குரியதல்லாத மாதிரிப் பிராசஸர்களும் சந்தையில் உலவுகின்றன. சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் கணினிக்குள் உண்மையில் அமர்ந்திருப்பது எது என்பதைக் காட்டிவிடும் என்பதால், பொருத்தியவுடனேயே கடைக்காரர் முன்னிலையில் அதைத் திறந்து பார்ப்பதே முறை. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிப் பிராசஸர்கள் சிலவற்றில் நிலையின்மைக் கோளாறு இருப்பதை 2024இல் அந்நிறுவனமே ஏற்று, வாரண்டியை இரண்டாண்டு நீட்டித்தது. அவற்றைப் பழையதாக வாங்குபவர் பயாஸ் புதுப்பிக்கப்பட்டே ஓடியதா என்று விசாரிக்க வேண்டும்.

வாரண்டி என்றாலே எங்கு வாங்கினாலும் செல்லும் என்ற எண்ணமும் தவறாகலாம். இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தர்களிடம் வாங்கிய பெட்டிப் பிராசஸருக்கு மட்டுமே இந்தியாவில் வாரண்டி என்று 2016இல் இன்டெல் கொண்டுவந்த கொள்கையை எதிர்த்து மேட்ரிக்ஸ் இன்ஃபோ சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் இந்தியப் போட்டி ஆணையத்தை அணுகியது. ஆணையம் 2019 ஆகஸ்டில் விசாரணைக்கு உத்தரவிட்டது. வெளிநாட்டிலிருந்து நேரடியாக இறக்கி, சற்று மலிவாக விற்கப்பட்ட அதே பொருளுக்கு உள்ளூரில் வாரண்டி மறுக்கப்பட்டதே அங்கு எழுந்த வழக்கு. வாங்குபவருக்கு இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம், பெட்டியின் மேலுள்ள வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இட்டு, இந்தியாவில் வாரண்டி உண்டா, எந்தத் தேதி வரை என்பதைப் பணம் கொடுக்கும் முன் பார்ப்பதாகும்.

2020 ஜூலை 20இல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இங்கு துணை நிற்கிறது. பில் தராமல் இருப்பதும், குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அச்சட்டத்தின் 2(47) பிரிவின்படி நேர்மையற்ற வணிக நடைமுறைகள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லின் அடியில் அச்சிட்டிருப்பது குறையுள்ள பொருளைப் பொறுத்தவரை இந்த உரிமையைப் பறித்துவிடாது. ஆனால் நல்ல பிராசஸர் தவறான போர்டுக்கு வாங்கப்பட்டால், அது குறையுள்ள பொருள் அன்று. கடைக்காரர் "உங்க போர்டுல ஓடும், கவலைப்படாதீங்க" என்று சொன்னதற்குச் சான்று இருந்தால்தான் வாங்குபவரின் வாதம் நிற்கும். ஆகவே பில்லில் பிராசஸரின் முழு மாடல் எண்ணோடு, எந்த மதர்போர்டுக்காக வாங்கப்பட்டது என்பதும் ஒரு வரியாக எழுதப்பட வேண்டும். பில் போட்டால் ஜிஎஸ்டி சேரும், வேண்டாமென்றால் குறைத்துத் தரலாம் என்ற பேரத்துக்கு இணங்குபவர் மிச்சப்படுத்துவது 18 சதவீதம். விட்டுக்கொடுப்பது தம் முழுச் சான்றையும்.

கடையில் மாற்றித் தருமாறு கணினியை ஒப்படைப்பதும் ஒரு சேவை என்பதால் அதன் குறைபாடும் சட்டத்துக்குள் வருகிறது. எல்ஜிஏ 1155 போன்ற சாக்கெட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணிய ஊசிமுனைகள் உள்ளன. ஒன்று வளைந்தாலும் போர்டு எழும்பாமல் போகலாம், வளைத்தது யார் என்ற தகராறில் ஒப்படைக்கும் முன் எடுத்த ஒளிப்படமே பேசும். பிராசஸர் மாற்ற ஹார்டு டிஸ்க் தேவையில்லாததால், அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போனால் குடும்பப் படங்களும் வங்கி விவரங்களும் பாதுகாப்பாக இருக்கும். பிட்லாக்கர் என்ற பூட்டு இயங்கும் ஏஎம்டி கணினியில் பிராசஸர் மாறியவுடன் மீட்புச் சாவி கேட்கப்படலாம். அதை முன்பே குறித்து வைக்காதவர் தம் கோப்புகளையே இழக்க நேரிடும்.

தகராறு எழுந்தால், இணைய விற்பனை எனில் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்கக் கடமைப்பட்டவர். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மதுரையிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்கறிஞர் இல்லாமலும் முறையீடு செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை எனில் கட்டணம் இல்லை. முறையிடுபவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கு தொடர 34ஆம் பிரிவு இடமளிப்பதால், டெல்லி நேரு பிளேஸில் இருந்து விற்றவரும் மதுரையில் பதில் சொல்ல வேண்டியவரே. சுயதொழிலாகப் பிழைப்புக்கு டிடிபி கடை நடத்துபவரும் இச்சட்டத்தின் பார்வையில் நுகர்வோர்தான்.

தனிநபர் ஒருவரிடம் பழைய பிராசஸரை வாங்கும்போது இந்தப் பாதுகாப்பு மிகவும் மெலிந்துவிடுகிறது, ஏனெனில் அவர் வணிகர் அல்லர். முன்பணம் வாங்கிக்கொண்டு மறைபவரும், பணம் திருப்பித் தருவதாகக் கூறி க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யச் சொல்பவரும் மோசடிக்காரர்களே. அவர்களிடம் சிக்கியவர் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். நேரில் சந்தித்து, ஓடும் கணினியில் பார்த்தபின் பணம் கொடுப்பதே இங்கு ஏற்ற வழி.

நுகர்வோர் ஆணையத்தில் முறையிட, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் மட்டுமே அவகாசம் என்பதால், மாற்றித் தருவதாகச் சொல்லி நாள் கடத்தும் கடைக்காரரிடம் பேசுவதை நிறுத்தி, எழுத்தில் கேட்கத் தொடங்குங்கள்.