இரவு மாத்திரைகள்: தேவையும் தெளிவும்

'மருந்து' என்னும் அதிகாரத்தின் நிறைவுக் குறளில் வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகின்றார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர் என்பன அந்நான்கு. மருந்துக்கடையின் முன் நின்று, "தலைவலிக்கும் தூக்கத்திற்கும் ஒரு மாத்திரை கொடுங்கள்" என்று நாம் கேட்கும்போது, இந்நான்கினுள் நோய் தீர்ப்பவர் அங்கு இல்லை. வீட்டிற்கு வந்து இரவில் தனியே அதை விழுங்குகையில், அருகிருந்து கவனிப்பவரும் இல்லை. எஞ்சி நிற்பவை நோயாளியும் மருந்துமே. எனவே மருத்துவர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டியவற்றை நோயாளியே எண்ணிப் பார்க்கும் பொறுப்பு வந்து சேர்கிறது. அப்பொறுப்பை நிறைவேற்றத் தேவையான சில செய்திகளை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உறக்கத்தை இறைவனின் அருட்கொடைகளுள் ஒன்றாகத் திருமறை சுட்டுகிறது. நோயுற்றால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியுள்ளார்கள். ஆகவே வலிக்கும் உறக்கமின்மைக்கும் மருந்து தேடுவது தவறன்று. ஆயினும் உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அறியாத பொருளை அளவறியாமல் அதனுள் செலுத்துவது அமானிதத்தைப் பேணும் முறையாகாது.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

வளைகுடா நாடுகளிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் விடுமுறையில் வரும் உறவினர்கள், அத்தரோடும் பேரீச்சம்பழத்தோடும் சில மாத்திரைப் பெட்டிகளையும் கொண்டுவந்து தருவதுண்டு. பனடால் நைட், டைலினால் பி.எம். போன்றவை அவ்வகையின. 'இரவில் போட்டால் வலியும் போகும், தூக்கமும் வரும்' என்னும் சொல்லோடு அவை வீட்டுப் பெரியவர்களின் அலமாரியில் இடம்பெறுகின்றன.

இம்மாத்திரை ஒவ்வொன்றிலும் இரு மருந்துகள் உள்ளன. ஒன்று 500 மில்லிகிராம் பாராசிட்டமால்; மற்றொன்று 25 மில்லிகிராம் டைபென்ஹைட்ரமின். முன்னது நாம் காய்ச்சலுக்கும் உடல்வலிக்கும் நாள்தோறும் பயன்படுத்தும் அதே மருந்துதான். அமெரிக்காவில் அதனை அசிட்டமினோபென் என்று அழைக்கின்றனர். பெயர் இரண்டாயினும் பொருள் ஒன்றே. பின்னது தும்மல், அரிப்பு முதலான ஒவ்வாமைத் தொல்லைகளுக்கென உருவான மருந்து. அதை உண்டவர்க்குத் தூக்கக் கலக்கம் ஏற்பட்டது. பக்க விளைவாகக் கருதப்பட்ட அக்கலக்கமே பின்னர் பயனாகக் கொள்ளப்பட்டு, உறக்க மருந்தாக விற்பனைக்கு வந்தது.

வலியா? உறக்கமின்மையா?

மாத்திரையைக் கையில் எடுக்குமுன் ஒருவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய முதற்கேள்வி இதுவே. மூட்டுவலியால் உறக்கம் கெட்டிருப்பின், வலி தணிந்தால் உறக்கம் தானே வரும். அவருக்குத் தனி வலிமருந்து போதுமானது. வலியே இல்லாமல் கவலையினாலோ பழக்கத்தினாலோ விழித்திருப்பவர் கூட்டு மாத்திரையை உண்டால், தேவையற்ற பாராசிட்டமாலை இரவுதோறும் கல்லீரலின் மேல் சுமத்துகிறார். இரண்டும் ஒருங்கே உள்ளவருக்கே, அதுவும் ஓரிரு இரவுகளுக்கு மட்டுமே, கூட்டு மாத்திரை பொருந்தும்.

அளவும் கணக்கும்

நலமுள்ள வளர்ந்தவர் ஒரு நாளில், அதாவது 24 மணி நேரத்தில், உண்ணத்தக்க பாராசிட்டமாலின் உச்ச அளவு 4,000 மில்லிகிராம். ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் இடையே குறைந்தது 4 மணி நேரம் கழிய வேண்டும். மெலிந்த உடலினருக்கும் கல்லீரல் நோயுற்றோருக்கும் மதுப்பழக்கம் உடையோருக்கும் இவ்வளவு மேலும் குறையும். அதை மருத்துவரே வரையறுக்க வேண்டும்.

4,000 என்பது எளிதில் எட்டாத எண் என்று தோன்றலாம். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். காய்ச்சல் கண்ட ஒருவர் 650 மில்லிகிராம் மாத்திரையை நான்கு வேளை உண்கிறார், இது 2,600. மூக்கடைப்புக்கெனச் சளி மாத்திரை மூன்று வேளை உண்கிறார். அதனுள்ளும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்குமாயின் 1,500. இரவில் உறக்கத்திற்கென இரண்டு கூட்டு மாத்திரைகள், அது 1,000. மொத்தம் 5,100 மில்லிகிராம். மூன்று வெவ்வேறு பெயர்களில் மூன்று வெவ்வேறு தொல்லைகளுக்கு உண்டதாக அவர் கருதுகிறார். அவருடைய கல்லீரலோ ஒரே மருந்தை எல்லை கடந்து பெற்றுவிட்டது.

பாராசிட்டமாலின் ஒரு சிறு பகுதி கல்லீரலில் நச்சுப்பொருளாக மாறுகிறது. அதனை முறித்து வெளியேற்றக் குளூட்டதயோன் என்னும் பொருளை உடல் வைத்திருக்கிறது. மருந்து மிகும்போது அவ்விருப்பு தீர்ந்துபோகிறது. நச்சு கல்லீரல் அணுக்களைத் தாக்குகிறது. இதில் அஞ்சத்தக்கது யாதெனில், முதல் நாளில் குமட்டலைத் தவிர வேறு அறிகுறி தோன்றாமலும் போகலாம். ஆகவே அளவு மிஞ்சியது தெரிந்தவுடன், உடல் நலமாயிருப்பதாகத் தோன்றினாலும், மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அசிட்டைல் சிஸ்டீன் என்னும் முறிமருந்து முதல் 8 மணி நேரத்திற்குள் கொடுக்கப்பட்டால் மிகுந்த பயனளிக்கும்.

பெரியவர்கள் கவனத்திற்கு

இளையவர் உடலைவிட முதியோர் உடலில் டைபென்ஹைட்ரமின் நெடுநேரம் தங்குகிறது. வாய் உலர்தல், மலச்சிக்கல், மனக்குழப்பம், தலைச்சுற்றல் ஆகியன தோன்றலாம். புராஸ்டேட் சுரப்பி வீங்கியவர்க்குச் சிறுநீர் அடைபடலாம். ஒருவகைக் கண் அழுத்த நோய் உடையவர்க்குப் பார்வையே பாதிக்கப்படலாம். இக்காரணங்களால், அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2023இல் புதுப்பித்த பட்டியலிலும், 65 வயதும் அதற்கு மேலும் ஆனோர் தவிர்க்க வேண்டிய மருந்துகளுள் இதனைச் சேர்த்துள்ளது.

சுபுஹுத் தொழுகைக்காக இருள் பிரியுமுன் எழும் ஒரு பெரியவரை எண்ணிப் பாருங்கள். கலக்கம் தெளியாத கண்களோடு ஈரம் படிந்த ஹவுள் படியில் ஒளுச் செய்ய அவர் கால் வைக்கிறார். அங்கு வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறியுமாயின், ஒரு சிறு மாத்திரைக்கு அவர் கொடுக்கும் விலை எத்தகையது! தந்தைக்கும் பாட்டனாருக்கும் அன்போடு இப்பெட்டியை வாங்கி வரும் மக்கள் இதனை நினைவில் கொள்ள வேண்டும்.

ரமலான் இரவுகளில்

நோன்புக் காலத்தில் மருந்துண்ணக் கிடைப்பது நோன்பு திறப்பதிலிருந்து சஹர் முடியும்வரை ஏறத்தாழ 10 மணி நேரமே. பகலில் விடுபட்ட வேளைகளையும் சேர்த்து இரவில் நெருக்கி உண்பது பெருந்தவறு. 4 மணி நேர இடைவெளி ரமலானிலும் மாறுவதில்லை. தராவீஹ் முடிந்து உறக்க மாத்திரையை உண்டு சஹருக்கு எழுபவர், மருந்தின் வேகம் அடங்குமுன் எழுகிறார்; அக்கலக்கத்தோடு வண்டி ஓட்டுவது அவருக்கும் பிறருக்கும் ஆபத்து.

ஐபுபுரோபென், டைக்ளோபினாக் ஆகிய வலிமாத்திரைகள் வேறு இனத்தவை. வெறும் வயிற்றில் இவை இரைப்பையைப் புண்ணாக்கும். உடலில் நீர் வற்றியிருக்கும் வேளையில் சிறுநீரகத்தைத் தாக்கும். குடற்புண், சிறுநீரக நோய், இதய நோய் உடையோரும், இரத்தம் உறையாதிருக்க மருந்துண்போரும் மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தொடலாகாது. நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் நோற்க மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அச்சலுகையை ஏற்பது குறைவன்று.

சீட்டின்றி விற்றதன் பாடம்

1957இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்னும் உறக்க மருந்து, மிகப் பாதுகாப்பானது என்ற விளம்பரத்தோடு, மருத்துவர் சீட்டின்றியே விற்கப்பட்டது. கருவுற்ற தாய்மாரும் அதனை உண்டனர். 1961 நவம்பர் இறுதியில் அது திரும்பப் பெறப்பட்டது. பல நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறையோடு பிறந்ததாகக் கணக்கிட்டுள்ளனர். அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்னும் அலுவலர், சான்றுகள் போதா என்று கூறி அம்மருந்தின் விற்பனைக்கு அனுமதி மறுத்து நின்றார். கருவுற்றோரும் பாலூட்டும் தாய்மாரும் எந்த மாத்திரையையும் கேட்டறியாமல் உண்ணலாகாது என்பதற்கு இதனினும் பெரிய பாடம் வேண்டுவதில்லை.

நம் நாட்டில் அல்பிரசோலம், டயசிபாம், சோல்பிடெம் போன்ற உறக்க மருந்துகள் 2013இல் அறிவிக்கப்பட்ட எச்-1 அட்டவணையில் உள்ளன. இவற்றை விற்கும் கடைக்காரர் மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் காக்க வேண்டும். 'தெரிந்த கடை' என்பதற்காகச் சீட்டின்றி இவற்றைக் கேட்பது நமக்கு நாமே குழி தோண்டுவதாகும். நெடுநாள் உண்டவர் திடீரென நிறுத்துவதும் தீங்கு. மருத்துவர் துணையோடு சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும்.

நிறைவாக

அட்டையில் அச்சிட்ட மருந்தின் பெயரைப் படித்தல், ஒரே மருந்து இரு பெயர்களில் சேராமல் பார்த்தல், அளவையும் இடைவெளியையும் காத்தல், பிற மருந்துகளைக் கடைக்காரரிடம் சொல்லிக் கேட்டல் ஆகிய நான்கும் இரவு மாத்திரை உண்போர்க்குரிய ஒழுங்குகள். உரத்த குறட்டையோடு இடையிடையே மூச்சு நின்று எழுபவர் உறக்க மருந்து உண்ணவே கூடாது. முதலில் மருத்துவரைக் காண வேண்டும். டைபென்ஹைட்ரமினுக்கு உடல் சில நாட்களிலேயே பழகிவிடுவதால், தொடர்ந்து உண்பதில் பயனும் இல்லை. இரண்டு வாரம் கடந்தும் உறக்கம் வாராவிடின், அது மாத்திரைக்குரிய குறையன்று. ஆராயப்பட வேண்டிய நோயின் அறிகுறி.

தேர்வுக் காலத்தில் தேநீரால் விழித்து மாத்திரையால் உறங்க முயலும் மாணவச் செல்வங்களே! மாலைக்குப் பின் தேநீரைக் குறையுங்கள். கைப்பேசியைத் தள்ளி வையுங்கள். இஷாவுக்குப் பின் வீண்பேச்சின்றி உறங்கச் செல்லும் பழைய வழக்கத்தை மீட்டெடுங்கள். இன்றிரவே உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து, பாட்டனாரின் மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்லுங்கள். வள்ளுவர் கூறிய நான்காமவராக, அருகிருந்து கவனிப்பவராக, நீங்கள் இருக்கலாம். கற்ற கல்வி வீட்டாருக்குப் பயன்படும் இடம் அதுவே. வல்ல இறைவன் அனைவருக்கும் நல்லுறக்கத்தையும் நலவாழ்வையும் அருள்வானாக!