வானத்தைத் தொடும் அடுக்குமாடி வீடுகள்! "இது நிக்குமா?" என்று கேட்கும் சென்னை மக்கள்

சென்னையின் முகமே மாறி வருகிறது. தென்னை மரத்தையும் கோவில் கோபுரத்தையும் தவிர வேறு எதுவும் உயரமாகத் தெரியாத இடங்களில் எல்லாம் இப்போது அடுக்குமாடி வீடுகள் வரிசையாக எழும்பி நிற்கின்றன.

பெரம்பூரில் பழைய பின்னி மில் இருந்த இடம், பழைய மகாபலிபுரம் ரோடு, போரூர் சுற்றுவட்டாரம் என்று எந்தப் பக்கம் போனாலும் ராட்சத கிரேன்கள்தான் கண்ணில் படுகின்றன.

பஸ்சில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து மாடிகளை எண்ணுகிறார்கள். "அடேயப்பா, எத்தனை மாடி!" என்பதுதான் முதல் பேச்சு. அடுத்த பேச்சு, "இது நிக்குமா?"

அந்த இரண்டாவது கேள்வி சும்மா வரவில்லை. அதற்குப் பின்னால் 61 உயிர்கள் இருக்கின்றன.

அந்தக் கால அதிசயம்

உயரமான கட்டிடம் என்றால் சென்னைவாசிகளுக்கு முதலில் ஞாபகம் வருவது மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டிடம்தான். 1959-ம் ஆண்டு திறக்கப்பட்டது. உயரம் 177 அடி. அப்போது இந்தியாவிலேயே உயரமான கட்டிடம் அதுதான்.

ஊரில் இருந்து வந்தவர்கள் சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கியதும் அதைப் பார்க்கப் போவார்கள். கதாநாயகன் பட்டணம் வந்துவிட்டான் என்று காட்ட, சினிமாக்காரர்களும் அதைத்தான் படம் பிடித்தார்கள்.

அந்த "முதல் இடம்" 2 வருஷம்தான் நிலைத்தது. 1961-ல் பம்பாயில் எழும்பிய 'உஷா கிரண்' அதை முந்திவிட்டது. அது ஆபீஸ் கட்டிடம் அல்ல. ஜனங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீடு!

எல்.ஐ.சி. கட்டிடத்தில் 1975-ம் ஆண்டு பெரிய தீ விபத்து நடந்தது. உயரம் என்றால் அழகு மட்டும் அல்ல, ஆபத்தும் உண்டு என்பதை நகரம் அன்றே பார்த்துவிட்டது.

3 விதமான பேச்சு

ஒரு தெருவில் புதிதாக உயரமான அடுக்குமாடி எழும்பினால், அங்கே 3 விதமான பேச்சு கிளம்பும்.

கடைக்காரர்களுக்கு சந்தோஷம். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வந்தால் பால், மளிகை, இஸ்திரி, மருந்து என்று எல்லா வியாபாரமும் சூடு பிடிக்கும். கைவசம் மனை வைத்திருப்பவர்களும் விலை ஏறும் என்று கணக்குப் போடுவார்கள்.

பக்கத்தில் ஓட்டு வீட்டிலும் ஒண்டுக்குடித்தனத்திலும் இருப்பவர்களுக்குக் கவலை. "அத்தனை வீட்டுக்கும் தண்ணிய எங்கேருந்து எடுப்பாங்க? நம்ம போர் வத்திப் போயிடாதா? சாக்கடை தாங்குமா?" என்று கேட்பார்கள். வெயிலும் காற்றும் வராமல் போய்விடுமே என்ற வருத்தம் வேறு.

மூன்றாவது கூட்டம், அங்கே வீடு வாங்க ஆசைப்படும் மாதச் சம்பளக்காரர்கள். பி.எப். பணத்தை எடுத்து, நகையை அடகு வைத்து, பாங்கியில் 20 வருஷக் கடன் வாங்கி, இன்னும் கட்டி முடிக்காத வீட்டுக்குப் பணம் கட்டுகிறவர்கள் இவர்கள்தான். மௌலிவாக்கத்தில் அடி வாங்கியவர்களில் இவர்களும் உண்டு.

நொடியில் தரைமட்டம்

2014-ம் ஆண்டு ஜூன் மாதம் 28-ந் தேதி. சனிக்கிழமை. மாலை 5 மணி வாக்கில் போரூர் பகுதியில் இடி-மின்னலுடன் பலத்த மழை.

போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் ஜோடியாக இரண்டு 11 மாடிக் கட்டிடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று கண் மூடித் திறப்பதற்குள் சரிந்து தரைமட்டம் ஆனது.

உள்ளே இருந்தவர்கள் கட்டிடத் தொழிலாளர்கள். ஆந்திராவில் இருந்தும் ஒடிசாவில் இருந்தும் தமிழ்நாட்டின் பல ஊர்களில் இருந்தும் வயிற்றுப் பிழைப்புக்காக வந்தவர்கள்.

தேசிய பேரிடர் மீட்புப் படையினரும் தீயணைப்பு வீரர்களும் மோப்ப நாய்களுடன் இரவு பகலாக இடிபாடுகளைத் தோண்டினார்கள். 3 நாட்களுக்குப் பிறகு ஒடிசா வாலிபர் ஒருவர் உயிரோடு மீட்கப்பட்டார். ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடந்த உறவினர்களுக்கு அது ஒரு நம்பிக்கையைக் கொடுத்தது.

ஆனால் முடிவில் மிஞ்சிய கணக்கு கொடுமையானது. உயிருடன் மீட்கப்பட்டவர்கள் 27 பேர். பலியானவர்கள் 61 பேர்.

இதில் வேதனை என்னவென்றால், அந்த இரண்டு கட்டிடங்களுக்கும் வைத்திருந்த ஆங்கிலப் பெயர்கள் இரண்டுக்குமே அர்த்தம் 'நம்பிக்கை' என்பதுதான்!

இடியா காரணம்?

இடி விழுந்ததால்தான் கட்டிடம் சரிந்தது என்று முதலில் ஒரு பேச்சு கிளம்பியது. மழையால் மண் இளகிவிட்டது என்று இன்னொரு பேச்சு.

ஓய்வுபெற்ற ஐகோர்ட்டு நீதிபதி ரகுபதி தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. கட்டிட வடிவமைப்பிலேயே கோளாறு இருந்தது கமிஷன் விசாரணையில் வெளிச்சத்துக்கு வந்தது. கோளாறு மனிதர்கள் போட்ட கணக்கில் இருந்தது. பழி மட்டும் வானத்தின் மேல் போனது.

பயத்தோடு 2 வருஷம்

இடிந்தது ஒன்று. இன்னொன்று அப்படியே நின்றது. அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்கு அதன் பிறகுதான் உண்மையான திகில். காற்று அடித்தாலும் மழை பெய்தாலும் அவர்கள் அந்தக் கட்டிடத்தைத்தான் பார்த்தார்கள்.

பணம் கட்டியவர்கள் நிலைமையும் பரிதாபம். குடியேற வீடு இல்லை. பாங்கிக் கடன் மட்டும் தலைமேல் நின்றது.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. கடைசியில் 2016-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி இரண்டாவது கட்டிடத்தையும் வெடி வைத்துத் தகர்க்க ஏற்பாடு ஆனது.

சுற்றி இருந்த வீடுகளில் இருந்தவர்களை அதிகாரிகள் வெளியேற்றினார்கள். பிற்பகலில் தகர்ப்பதாகச் சொன்னார்கள். மணிக்கணக்கில் தாமதம் ஆகியும் கூட்டம் கலையவில்லை. மொட்டை மாடிகளிலும் ரோட்டிலும் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி ஜனங்கள் நின்றார்கள்.

இருட்டிய பிறகு, 7 மணி நெருங்கும் நேரத்தில் வெடி வெடித்தது. 11 மாடியும் சில விநாடிகளில் புழுதியாகிவிட்டது. ஒருவருக்கும் காயம் இல்லை.

ஒரு கட்டிடம் எழும்பும்போது வேடிக்கை பார்த்த ஊர், அது ஒழிந்த பிறகுதான் நிம்மதிப் பெருமூச்சு விட்டது.

வாங்குவோர் கவனிக்க

தமிழ்நாட்டில் இப்போதுள்ள விதிப்படி 18.30 மீட்டருக்கு, அதாவது சுமார் 60 அடிக்கு மேல் உயரமான கட்டிடம் எதுவாக இருந்தாலும் அது "உயரக் கட்டிடம்"தான். அதற்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு.

2017 முதல் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் முழு அமலுக்கு வந்துவிட்டது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்திலோ, 8 வீடுகளுக்கு மேலோ கட்டி விற்பவர்கள், விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். பதிவு எண் இல்லாத விளம்பரத்தை நம்பி பணம் கட்டுவது கிணறு இருக்கும் இடத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரி.

ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல், வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. வீடு வாங்குவோர் கட்டும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி பாங்கிக் கணக்கில் போட்டு, அந்த மனை, கட்டிடச் செலவுக்கு மட்டுமே எடுக்க வேண்டும். சாவியை ஒப்படைத்த பிறகு 5 வருஷத்துக்குள் கட்டமைப்பில் கோளாறு தெரிந்தால், கட்டியவரே சொந்தச் செலவில் சரி செய்து தர வேண்டும்.

இவ்வளவு இருந்தும், மாதிரி வீட்டைப் பார்க்கப் போகும் குடும்பங்கள் முதலில் கேட்பது என்ன? நீச்சல் குளம் உண்டா, கார் நிறுத்த இடம் உண்டா, மாடியில் இருந்து கடல் தெரியுமா என்பதைத்தான்.

மண் பரிசோதனை செய்தார்களா, தூண் கணக்குப் போட்ட என்ஜினீயர் யார், அவர் போட்ட கணக்கை வேறு என்ஜினீயர் சரிபார்த்தாரா, தீயணைப்புத் துறை அனுமதி இருக்கிறதா, கட்டி முடித்த சான்றிதழ் கிடைத்துவிட்டதா என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டால் கோபித்துக்கொள்ளும் கம்பெனியிடம் வீடு வாங்காமல் இருப்பதே நல்லது.

வெளியூரில் இருந்து வந்து, சாரத்தில் ஏறி அந்தத் தூண்களை எழுப்பும் தொழிலாளிக்கோ கேள்வி கேட்கவே வாய்ப்பு இல்லை. அவனுக்கும் சேர்த்துக் கேட்க வேண்டியவர்கள், பணம் கொடுத்து வாங்குகிறவர்களும் அனுமதி கொடுக்கும் அதிகாரிகளும்தான்.