ஆஸ்பத்திரி பில் யார் தலையில்? நாட்டுக்கு நாடு ஒரு கணக்கு!

காய்ச்சல், தலைவலி என்றால் எப்படியோ சமாளித்து விடலாம். திடீரென்று ஆபரேஷன் என்றால்? வீட்டில் இருக்கிற நகையெல்லாம் அடகு கடைக்கு போய்விடும். பணக்கார நாடுகளில் மட்டும் இந்த பயம் இல்லையா? விவரம் வருமாறு:-

அமெரிக்கா

வைத்தியத்துக்கு உலகிலேயே அதிகம் செலவு செய்யும் நாடு இதுதான். 2023-ம் ஆண்டில் தலைக்கு 14 ஆயிரத்து 570 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 12 லட்சம் ரூபாய். உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவரை ஆஸ்பத்திரிகள் திருப்பி அனுப்பக்கூடாது என்று 1986-ல் சட்டம் போட்டார்கள். ஆனால் பில் வீடு தேடி வந்துவிடும். 2023-ல் 2½ கோடி பேருக்கு மேல் இன்சூரன்சே இல்லை. இவ்வளவு செலவழித்தும் அந்த ஆண்டில் சராசரி ஆயுள் 78 வயதுதான்.

ஜப்பான்

தலைக்கு ஆகும் செலவு அமெரிக்காவில் பாதி கூட கிடையாது. ஆனால் ஆயுள் அதிகம். 2023 கணக்குப்படி ஆண்களுக்கு 81, பெண்களுக்கு 87. 1961 முதல் எல்லோருக்கும் இன்சூரன்ஸ் உண்டு. பெரும்பாலானவர்கள் பில்லில் 30 சதவீதம் கட்டினால் போதும். அதுவும் மாதத்துக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இருக்கிறது.

இங்கிலாந்து

1948 ஜூலை 5-ந்தேதி அரசு மருத்துவ சேவை தொடங்கியது. அங்கே குடியிருப்பவர்கள் ஆபரேஷனுக்கு பணம் கட்ட வேண்டாம். வரிப்பணத்தில் நடக்கிறது. ஆனால் அவசரம் இல்லாத சிகிச்சைக்கு காத்துக்கிடக்க வேண்டும். 2023-ல் காத்திருப்பு பட்டியல் 77 லட்சத்தை தாண்டியது.

தாய்லாந்து

பணக்கார நாடு இல்லை. ஆனாலும் 2002-ல் சட்டம் கொண்டு வந்து ஏழைகளையும் காப்பீட்டுக்குள் சேர்த்தார்கள். அப்போது ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு போனால் 30 பாட் கட்டணமாக இருந்தது. அதனால் '30 பாட் திட்டம்' என்றே பெயராகி விட்டது.

நம்ம நாடு

2013-14-ல் மொத்த மருத்துவ செலவில் 100-க்கு 64 ரூபாய் மக்கள் கைக்காசு. 2021-22-ல் இது 39 ரூபாயாக குறைந்தது. குறைந்தாலும், திடீர் செலவு வந்தால் கூலி வேலை செய்யும் குடும்பம் தாங்காது.

செலவு கூடினால் வைத்தியமும் கூடும் என்பது இல்லை. நோய் வருமுன்னே பணத்துக்கு வழி செய்து வைத்த நாட்டில் ஜனங்கள் கடனாளி ஆவது குறைவு. நாமும் காப்பீட்டு அட்டையை தயாராக வைத்துக்கொள்வது நல்லது. அட்மிட் ஆகும் முன்பே "இந்த சிகிச்சைக்கு அட்டை செல்லுமா, கையில் இருந்து எவ்வளவு கட்டணும்?" என்று கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.